திங்கட்கிழமைச் சரிவு

2043ஆம் ஆண்டு நவம்பர் 9, திங்கட்கிழமை, காலை 7.40. இரவு முழுவதும் பெய்த மழை விட்டிருந்தது. விட்டதை வானம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்கே மலைகள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. கோயம்புத்தூரை அடுத்த நொய்யல் உயிரறிவியல் நிறுவனத்தின் வாகன நிறுத்தத்தில் டாக்டர் மங்கையர்க்கரசி காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குச் சென்னியப்பன் என்பவர் நெறிமுறைக் குழுவின் முன்னால் ஒரு தாளில் ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவரால் அது இயலாது என்பது மங்கையர்க்கரசிக்குத் தெரியும். ஏன் இயலாது என்பதைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

மனித உடலில் புரதக் கைனேஸ் எனப்படும் நொதிகள் ஐந்நூற்றுப் பதினெட்டு என்று நெடுங்காலமாக ஒரு கணக்கு இருந்துவந்தது. அவை செய்யும் வேலை ஒன்றே: இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் என்னும் சிறு குறியை ஒட்டுதல். ஒட்டப்பட்ட புரதம் விழித்துக்கொள்ளும், அல்லது ஓய்ந்துவிடும். ஐந்நூற்றுப் பத்தொன்பதாவதை மங்கையர்க்கரசி தேடிப் போகவில்லை. அதை இழந்த ஒரு மனிதரின் வடிவில் அது அவரிடம் வந்து சேர்ந்தது.

சென்னியப்பன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மாஸ்டர். தைத்து வந்த ஆடையை வெளிச்சத்தில் ஒரு முறை விரித்துப் பார்ப்பார். பாஸ் அல்லது ரிஜெக்ட். சொன்ன சொல்லை அவர் மாற்றியதாக அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் எவரும் கண்டதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பின் நினைவு தப்பவில்லை, பேச்சு குழறவில்லை, கணக்கு பிசகவில்லை. போனது ஒன்றுதான். கதவைப் பூட்டினால் பூட்டியது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். பூட்டியாயிற்று என்ற நிறைவு மட்டும் வராது. சாப்பிட்டு முடித்த தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டேனா என்று மனைவியைக் கேட்பார். சாப்பிடாத தட்டின் முன்னாலும் அதையே கேட்பார். உடல் கரைந்துகொண்டே வந்தது.

மனைவி துளசிமணிக்கு இதை விளக்க மங்கையர்க்கரசி ஒரு நாள் பெரிய விளக்கப் படம் ஒன்றை எடுத்துவந்தார். துளசிமணி படத்தைப் பார்க்கவில்லை.

“செக்கிங் முடிஞ்ச பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவாங்களே, அந்த மாதிரிங்களா?” என்றார்.

“அதேதாம்மா. பார்க்கறது, கேட்கறது, நினைக்கறது எல்லாம் அவருக்குச் சரியா வருது. கடைசியில ‘இது சரி’ன்னு ஒட்டற ஆள்தான் இல்லை.”

“அப்ப பீஸெல்லாம் மேசை மேலயே குமிஞ்சு கிடக்குமுங்க.”

“ஆமா.”

துளசிமணி சற்று யோசித்தார். “அந்த ஆளு பீஸைப் பாத்து ஒட்டறதுங்களா, பாக்காம ஒட்டறதுங்களா?”

இந்தக் கேள்வியை அதுவரை எந்த ஆய்வு இதழும் மங்கையர்க்கரசியிடம் கேட்டிருக்கவில்லை. பார்க்காமல்தான், என்றார். கையில் எது முதலில் வருகிறதோ அதற்கு ஒட்டும். நெடுநாள் பழகிய எண்ணமே முதலில் கைக்கு வரும்.

நோய் அவ்வளவு அரிதானதால் சோதனைக்கு நோயாளி ஒருவரே. எஞ்சியிருந்த சிறிதளவு ஐந்நூற்றுப் பத்தொன்பதைத் தூண்டும் மாத்திரை ஒன்று உருவாயிற்று. எந்த மாதம் மருந்து, எந்த மாதம் வெற்று மாத்திரை என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. மருத்துவர்களுக்கும் அது மறைக்கப்பட்டது. ஆனால் எதுவும் மறையவில்லை. மருந்து தொடங்கிய மூன்றாம் நாளே சென்னியப்பன் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். இரண்டு தோசை தின்று, போதும் என்று எழுந்தார். துளசிமணி அன்று தொலைபேசியில் பேசத் தொடங்கி, பேச முடியாமல் வைத்துவிட்டார்.

செய்தி பரவியதும் இயக்குநர் குலசேகரனின் அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் உரிமையாளர், தேர்வு நாளன்று மட்டும் மாணவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். திருமணத் தகவல் மையம் ஒன்று, பெண் பார்த்த பின் மனம் மாறும் மாப்பிள்ளைகளின் விழுக்காட்டைக் கொண்டுவந்து காட்டியது. தில்லியிலிருந்து வந்தவர் தம் துறையின் பெயரைச் சொல்லவில்லை; இதற்கு நேர்மாறான மருந்து, அதாவது இருக்கும் உறுதியை எடுத்துவிடும் மருந்து, செய்ய இயலுமா என்று மட்டும் விசாரித்தார். கொள்கையில் விடாப்பிடியாக இருக்கும் சில கைதிகள் அவர்களிடம் இருந்தார்களாம். குலசேகரன் அனைவருக்கும் காப்பி கொடுத்தார். எவருக்கும் மறுப்புக் கொடுக்கவில்லை.

மங்கையர்க்கரசியை அலைக்கழித்தது வேறொன்று. மருந்து மாதங்களில், ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் எடுத்த இரத்தத்தில் ஐந்நூற்றுப் பத்தொன்பதின் செயல் பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. செவ்வாய் மாலைக்குள் ஏறிவிடும். அடுத்த திங்களன்று மீண்டும் இறங்கும். நாள்முறையில் ஏறி இறங்கும் நொதிகள் உண்டு. வாரமுறையில் இறங்கும் நொதியை எவரும் கண்டதில்லை. கருவியை மாற்றினார்கள், இரத்தம் எடுப்பவரை மாற்றினார்கள், சரிவு மாறவில்லை. பெங்களூரு மாநாட்டில் மங்கையர்க்கரசி இதை ‘ஏழுநாள் தாளம்’ என்ற தலைப்பில் முன்வைத்தார். மனித உடலுக்குள் ஒரு வாரம் இருக்கிறது என்பது அவையைப் பெரிதும் கவர்ந்தது. முதிய பேராசிரியர் ஒருவர் எழுந்து, நிலவின் கால்வட்டம் ஏறக்குறைய ஏழு நாள்தான் என்பதை நினைவூட்டி உட்கார்ந்தார்.

ஊருக்குத் திரும்பியவர் எளிய காரணங்களை முதலில் நீக்கிவிட எண்ணித் துளசிமணியைத் தம் அறைக்கு வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறார்கள்?

“கறி எடுப்போமுங்க.”

“எவ்வளவு கறி? எத்தனை மணிக்கு?”

துளசிமணி மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் பள்ளங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“கறியில ஒண்ணுமில்லீங்க டாக்டர்,” என்றார். “ஞாயித்துக்கிழமை புள்ளை வருவா.”

பிறகு அவர் சொன்னவை இவை. மகள் பிரகதி ஐந்தாண்டுகளுக்கு முன் கூடப் படித்தவனை மணந்தாள். அவன் என்ன சாதி என்று சென்னியப்பன் ஒரே ஒரு முறைதான் விசாரித்தார். அதன் பின் வீட்டு வாசல் கேட்டுக்கு உட்புறம் பூட்டுப் போட்டார். அடுத்த ஆண்டு காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்குப் பின் எதிலும் உறுதி நிற்காத மனிதருக்கு இதிலும் நிற்கவில்லை. ஒரு நாள் அவரே மகளைத் தொலைபேசியில் அழைத்து, தான் செய்தது சரியா என்று தெரியவில்லை என்றும், வந்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். அன்று முதல் ஞாயிறு தவறாமல் அவள் வந்தாள். வந்த ஒவ்வொரு முறையும் அவர் தான் செய்தது சரியா என்று அவளையே கேட்டார். அவளும் தெரியலீங்ப்பா என்று சொல்லிக் கறிக்கு மசாலா அரைத்தாள்.

மாத்திரை தொடங்கிய பின் வந்த முதல் ஞாயிறு, சென்னியப்பன் கேட்டருகே நின்று மகளின் முகத்தைப் பார்த்தே, “யாரு வேணும்?” என்று கேட்டார்.

“அவளை மறந்துட்டாருன்னு நெனச்சீங்களா?” என்றார் துளசிமணி. “எல்லாம் ஞாபகம் இருந்துச்சுங்க. அதனாலதான் கேட்டாரு.”

அதற்குப் பின் சனிக்கிழமை இரவு மாத்திரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகளுக்கும் பதிலாக அவர் தம் கால்சியம் மாத்திரையைக் கணவருக்குக் கொடுத்துவந்தார். நிறமும் அளவும் ஏறக்குறைய ஒன்று. திங்கள் காலை இரத்தம் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பியதும் பழையபடி மருந்து.

ஏழுநாள் தாளம் அத்துடன் முடிந்தது. கணவருக்குக் கொடுக்காத அந்த மாத்திரைகள் எங்கே என்று மங்கையர்க்கரசி கேட்டார்.

“வீணாக்க மனசு வரலீங்க. வெலை ஒசத்தியான மருந்துன்னு நீங்கதான் சொன்னீங்க.” துளசிமணி குரலைத் தாழ்த்தினார். “நான் சாப்புட்டனுங்க.”

அன்றே அவருடைய ஈரல் பரிசோதிக்கப்பட்டது, நல்லவேளையாகப் பழுதில்லை. ஆனால் அவர் அப்போது சொன்ன இன்னொன்று மங்கையர்க்கரசியின் நினைவிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தமக்கு யாரைப் பற்றியும் பயம் இருந்ததில்லை என்றும், பக்கத்து வீட்டார் பார்க்கும்போதே கேட்டை அகலத் திறந்து மகளை மருமகனோடு உள்ளே அழைத்ததாகவும் துளசிமணி சொன்னார். அந்தத் துணிவு அவருடையதா, மாத்திரையுடையதா? துளசிமணிக்கு விடை தெரியவில்லை. மங்கையர்க்கரசிக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் இரண்டாமவர்.

மாத்திரையும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் உட்கொண்டால் அது ஈரலைக் கெடுக்கும் என்பது விலங்குச் சோதனைகளில் உறுதியாயிற்று. தயாரித்த நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. எஞ்சியது ஊசி. அந்த நொதியை உருவாக்கும் ஓய்ந்துபோன மரபணுவை மூளையின் ஒரு சிறு பகுதியில் மீண்டும் இயங்கச் செய்யும் ஊசி, ஒரே ஒரு முறை, திரும்பப் பெற இயலாதது.

அதைக் கேட்டபோது துளசிமணி சொன்னது ஒரு வாக்கியம்தான். “ஊசி போட்டா ஞாயித்துக்கிழமை இருக்காதுங்களே.”

நடந்தவை அனைத்தையும் மங்கையர்க்கரசி நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக்கொடுத்தார். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ரேச்சல் ஞானாதிக்கம். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். மருந்து உட்கொண்ட காலத்தில் மகளிடம் தாம் எப்படி நடந்துகொண்டார் என்பது நோயாளிக்கு முழுமையாகச் சொல்லப்பட வேண்டும். ஊசி வேண்டுமா என்ற முடிவை அவர் மருந்தின் துணையின்றி, தம் இயல்பான நிலையில் எடுக்க வேண்டும். இரண்டாம் நிபந்தனையை மங்கையர்க்கரசி மறுபடியும் படித்தார். முடிவெடுக்க இயலாமைதான் நோய். நோயோடு முடிவெடு என்பது, கால் முறிந்தவரிடம் மருத்துவமனைக்கு நடந்து வா என்பதைப் போன்றது. மருந்தோடு முடிவெடுக்கச் சொன்னால், மருந்து தனக்காகத் தானே கையெழுத்திடும். எந்தப் பக்கம் நின்றாலும் சென்னியப்பன் மறுபக்கத்தில் இருந்தார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நாந்தானுங்க அப்படிச் சொன்னேன். அதுல சந்தேகமில்லை,” என்றார். சற்றுக் கழித்து, “இல்லீங்க, அதுலயும் இருக்குது” என்று திருத்திக்கொண்டார். துளசிமணி சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காக அழுதார்.

மருந்து நின்ற இந்த வாரங்களில் அவர் மேலும் மெலிந்திருந்தார். குளியலறையில் நின்றால் குளித்தாயிற்றா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். ஊசி போட்டால் அவர் பிழைத்துக்கொள்வார் என்பதில் மருத்துவ ரீதியாக ஐயமே இல்லை. காரில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி அந்த ‘வேண்டும்’ என்ற சொல்லையே விரும்பினார். அது சென்னியப்பனுக்காகவா தமக்காகவா என்று கேட்டுக்கொண்டார். அவர் காரை விட்டு இறங்கினார்.

பத்து மணிக்கு மூவரும் வந்தார்கள்: சென்னியப்பன், துளசிமணி, பிரகதி. மகளை மங்கையர்க்கரசி நேரில் காண்பது அதுவே முதல்முறை. தகப்பனின் நெற்றி, தாயின் மெல்லிய குரல். அவள் தகப்பனின் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்துவிட்டு, மாட்டியாச்சுங்ப்பா என்றாள். இனி அதைப் பற்றி அவர் கேட்க வேண்டியதில்லை.

குழுவின் அறையில் சென்னியப்பன் தாளை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். பேனா தாளைத் தொட்டுத் தொட்டு மீண்டது. பிறகு அவர் தலைவரிடம் ஓர் அனுமதி கேட்டார். வாகன நிறுத்தத்தில் வேப்ப மரத்தடியில் பிள்ளையார் இருக்கிறார். அவரிடம் பூ வாக்குக் கேட்டுவிட்டு எழுதலாமா? கொங்கு நாட்டில் கிணறு வெட்டுவதற்கும் பெண் எடுப்பதற்கும் கேட்கிற வழக்கம்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மிஸ்டர் சென்னியப்பன், நாங்க கேக்கறது உங்க சம்மதம். பூவோட சம்மதம் இல்ல.”

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? எந்த மாசம் எனக்கு மருந்து, எந்த மாசம் வெறும் மாத்திரைன்னு நீங்க கம்ப்யூட்டர்ல குலுக்கிப் போட்டுத்தானுங்களே குடுத்தீங்க? அதுக்கு இந்தக் குழுவே கையெழுத்துப் போட்டிருக்குதுங்க.”

அறையில் எவரும் சிரிக்கவில்லை. குழுவிலிருந்த சட்ட வல்லுநர், அது வேறு இது வேறு என்று தொடங்கி, எப்படி வேறு என்பதைச் சொல்லி முடிக்கவில்லை. நீதிபதி கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார். பூ என்ன சொன்னது என்று இந்தக் குழு கேட்காது என்றும், திரும்பி வந்து அவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டுமே கேட்கும் என்றும் தீர்ப்பளித்தார்.

தூறல் மீண்டும் தொடங்கியிருந்தது. வேலியோரத்தில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பூத்திருந்தன. காவலாளி தம் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழையிலையில் ஒரு பகுதியைக் கிழித்துக் கொடுத்தார்; இந்தப் பிள்ளையாரிடம் இதுவரை பதவி உயர்வு மட்டுமே கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

வெள்ளை என்றால் ஊசி, சிவப்பு என்றால் வேண்டாம் என்று சென்னியப்பன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். பூவைக் கட்டுபவர் கேட்பவருக்கு முதுகு காட்டிக் கட்ட வேண்டும். துளசிமணி இலையை மகளிடம் நீட்டினார். பிரகதி அதை வாங்கிக்கொண்டு மரத்துக்கு அப்புறம் போனாள். இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து பிள்ளையாரின் காலடியில் வைத்தாள்.

மங்கையர்க்கரசி குடையைப் பிடித்தபடி நின்றார். அங்கே நின்ற நால்வரில் எவருடைய இரத்தத்திலும் அன்று அந்த மாத்திரை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

சென்னியப்பன் கண்மூடி நின்றார். பின் குனிந்து, வலப்புறம் இருந்ததை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

துளசிமணி மூச்சை விட்டார். பிள்ளையாரை நோக்கித் தம் தலை தாழ்ந்ததை மங்கையர்க்கரசி தாமதமாகவே உணர்ந்தார். வாக்குக் கேட்ட எவரும் அத்துடன் பூவைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போயிருக்கிறார்கள். உத்தரவு வந்த பின் மிஞ்சிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் தேவை ஆரோக்கியமான மனிதர் எவருக்கும் எழுவதில்லை.

சென்னியப்பன் குனிந்து அதையும் எடுத்தார்.

“இதையும் பாத்துடறனுங்க,” என்றார், பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்பவரைப் போல.

பிரகதி ஓர் அடி முன்னால் வந்து, நின்றுவிட்டாள்.

அதிலும் வெள்ளை.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, இரண்டு நந்தியாவட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். செக்கிங் மேசையில் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று மங்கையர்க்கரசி எண்ணினார்.

“நான்தானுங்ப்பா,” என்றாள் பிரகதி. “செவப்பு வந்துருமோன்னு இருந்துச்சு.”

“ஊசி போட்டுட்டா உனக்கு நான் கேட்டைத் தொறக்க மாட்டேன் கண்ணு. தெரியுமல்ல?”

“தெரியும்.”

“மறுக்கா மாறாதாம். டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“தெரியுமுங்ப்பா.” அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, தோளெலும்பைப் பார்த்தாள். “நீங்க சாப்புடுவீங்கல்ல.”

தூறல் வலுத்தது. சென்னியப்பன் பூக்களைச் சட்டைப் பையில் வைத்தார். வைத்தோமா என்று தொட்டுப் பார்த்தார். மீண்டும் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டடத்தை நோக்கி நடந்தார். படியேறும்போது இரு முறை நின்றார். திரும்பவில்லை.

அறையில் அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் ஆயிற்று. சட்ட வல்லுநர் கடிகாரத்தைப் பார்ப்பதை நீதிபதி ஒரு பார்வையால் நிறுத்தினார். இறுதியில் சென்னியப்பன் எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள்.

“ஊசி வேண்டாம்,” என்று படித்தார்.

மங்கையர்க்கரசி மேசையின் விளிம்பைப் பற்றினார். இயக்குநருக்கு என்ன சொல்வது என்பது முதலில் தோன்றியது. அது முதலில் தோன்றியதே என்பது இரண்டாவதாகத் தோன்றியது.

நீதிபதி விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். “இது சரியான முடிவுன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுதா?”

“தெரீலீங்கம்மா.”

“தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடறீங்க?”

“தெரியாமத்தானுங்க போடறேன்.” சென்னியப்பன் சட்டைப் பையைத் தொட்டார். “ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை கட்டுனவளை ரிஜெக்ட் பண்ற ஆளு ஒருத்தன் எனக்குள்ள இருந்தானுங்க. அவன் மறுபடியும் வேலைக்கு வர வேண்டாமுங்க. சாப்புட்டனா இல்லையான்னு இவளுகளைக் கேட்டுக்கறேன்.”

“உடம்பு இன்னும் கெட்டா?”

“கெடலாமுங்க.”

படிவத்தின் கடைசி வரி, ‘இம்முடிவை உறுதியான மனத்துடன் எடுத்துள்ளேன்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அதைக் காட்டி, இது தனக்குப் பொருந்தாதே என்று அவர் கேட்டார். நீதிபதி தாளை வாங்கி, ‘உறுதியான’ என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் தம் சுருக்கொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எஞ்சிய வரியின் கீழ்ச் சென்னியப்பன் கையெழுத்திட்டார். எழுத்துகள் கோணலாக இருந்தன. ஆனால் முழுப் பெயரும் இருந்தது.

அன்று காலை எடுத்த இரத்தத்தின் முடிவு மங்கையர்க்கரசியின் கைப்பேசியில் வந்திருந்தது. ஐந்நூற்றுப் பத்தொன்பதின் செயல்: இல்லை. முடிவு என்பதும் உறுதி என்பதும் ஒரே நொதியின் இரண்டு பெயர்கள் என்று அவர் எழுதிய கட்டுரைகள் மூன்று. அந்தத் தாளில் எது கையெழுத்திட்டது என்பதற்கு அவரிடம் விளக்கம் இல்லை.

விதிப்படி, தாளை நோயாளி முதன்மை ஆய்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மங்கையர்க்கரசி எழுந்து கையை நீட்டினார். இதுவரை அவரிடம் கொடுத்த எந்தத் தாளையும் சென்னியப்பன் சரிபார்ப்பதற்காகத் திரும்பக் கேட்காமல் இருந்ததில்லை. இப்போதும் தாள் அவர் கைக்கு வந்தது. மறு ஓரத்தைப் பற்றிய சென்னியப்பனின் விரல்கள் விடவில்லை.

“இது சரியாங்க டாக்டர்?”

மங்கையர்க்கரசி கதவருகே நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். சென்னியப்பனின் தோளெலும்பையும் பார்த்தார். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தமக்குள் நேர்மையாகத் தேடினார்.

“எனக்கும் தெரியலைங்க,” என்றார்.

“அப்பச் சரிங்க,” என்று சென்னியப்பன் விரல்களை எடுத்தார்.